குளிக்கும் முன் ஒரு பாடம்

எனக்குத் தமிழை நேராக எழுதுவதைவிடத் தலைகீழாக எழுதுவதுதான் அழகாக வரும். வேடிக்கைக்காகச் சொல்லவில்லை. எதிரே உட்கார்ந்திருப்பவர் கண்ணுக்கு நேராகத் தெரியும்படி, என் பக்கத்திலிருந்து தலைகீழாக, எல்லா எழுத்தையும் தடங்கலில்லாமல் எழுதுவேன். ஒரு காலத்தில் எனக்குச் சோறு போட்ட வித்தை அது. சர்க்கஸில் சேர்ந்திருந்தால் இன்னும் கொஞ்சம் நன்றாகச் சாப்பிட்டிருப்பேனோ என்னவோ.

திருவனந்தபுரத்தில் கோட்டைக்குள் இருந்த அக்ரஹாரத் தெருக்களில் வீடு வீடாகப் போய்ப் பெண் குழந்தைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுப்பது என் தொழிலாக இருந்தது. முப்பதுகளின் தொடக்கம், ரயில் அப்போதுதான் தம்பானூர் வரைக்கும் வந்திருந்தது. நான் கல்குளம் பக்கத்துக் கிறிஸ்தவப் பெண், மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்துத் தேறியவள். அந்தத் தெருக்காரர்களுக்குப் பெண் குழந்தைக்கு ஆண் வாத்தியாரை வைக்க மனம் வராது. படித்த பெண்பிள்ளை வேண்டுமென்றால் என்னைப் போன்றவர்கள்தான் அகப்படுவோம். ஆகவே நான் வேண்டும். ஆனால் நான் யாரையும் தொட்டுவிடக் கூடாது. இந்த இரண்டையும் சேர்த்து வைத்துப் பாடம் நடத்த அந்த வீடுகளில் ஒரு முறை இருந்தது.

வாசலுக்கும் கூடத்துக்கும் நடுவே உள்ள நடையை அவர்கள் ரேழி என்பார்கள். அதன் மூலையில் எனக்கென்று ஒரு பாய் சுருட்டி வைத்திருக்கும். அதை நானே விரித்து, நானே சுருட்ட வேண்டும். குழந்தை நிலைப்படிக்கு அந்தப் பக்கம், கூடத்தில், மணையில் உட்காரும். எனக்கு முன்னால் கொஞ்சம் மணல், குழந்தைக்கு முன்னால் கொஞ்சம் மணல். கரமனை ஆற்று மணலைச் சலித்து வைத்திருப்பார்கள். அதில் ஒரு குறையும் சொல்ல முடியாது. நான் என் மணலில் எழுதுவேன், குழந்தை பார்த்துத் தன் மணலில் எழுதும். பாடம் முடிந்து நான் எழுந்ததும் வேலைக்காரி வந்து நான் இருந்த இடத்தில் சாணித் தண்ணீர் தெளிப்பாள். பல வீடுகளில் நான் படியிறங்கும்வரை காத்திருப்பார்கள். ஓரிரு வீடுகளில் அந்தப் பொறுமையும் இருக்காது. தெறித்த தண்ணீரில் என் சேலை நனைந்தபடி தெருவில் நடந்திருக்கிறேன்.

கோபம் வரவில்லையா என்றால், வந்தது. எனக்கு மூக்குக்கு மேலே கோபம் வரும் என்று எங்கள் வீட்டில் சின்ன வயசிலேயே சொல்வார்கள். ஆனால் அந்தக் கோபத்தைக் கோட்டை வாசலுக்கு வெளியே கொண்டுவந்து, பழவங்காடிப் பிள்ளையார் கோயில் முன்னால் தேங்காய் உடைக்கிற கூட்டத்துக்குள் நுழைந்து, தம்பானூரில் என் அறைக்குப் போய்ச் சேர்வதற்குள் அது பாதி தேய்ந்துவிடும். மீதியைப் பானைச் சோற்றோடு சாப்பிட்டுவிடுவேன். கேட்க யாரும் இல்லாத கோபம் வெகு நாள் நிற்பதில்லை.

தலைகீழ் எழுத்துக்கு வருகிறேன். தொழிலுக்கு வந்த புதிதில், முதல் வீட்டில், நான் எல்லோரையும்போல எனக்கு நேராகத்தான் எழுதினேன். எதிரே இருந்த குழந்தை கெட்டிக்காரி. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்து, கண்டதை அப்படியே எழுதினாள். உயிரெழுத்து முழுவதையும் சீக்கிரமே கற்றுக்கொண்டுவிட்டாள் என்று எனக்கு ஒரே பெருமை. ஒருநாள் அவள் அப்பா சர்க்கார் கச்சேரியிலிருந்து வந்தவர், மேல்வேஷ்டியைக்கூடக் கழற்றாமல், எழுது பார்க்கலாம் என்று அவள் பின்னால் வந்து நின்றார். அவள் எழுதினாள். அவர் தலையை இந்தப் பக்கம் சாய்த்தார், அந்தப் பக்கம் சாய்த்தார். கடைசியில் நிலைப்படியைத் தாண்டி ரேழிக்கு வந்து, என்னிடமிருந்து நாலடி தள்ளி நின்று, குனிந்து பார்த்தார்.

"எழுத்தெல்லாம் நன்னாத்தான் இருக்கு டீச்சர்," என்றார். "ஆனா இவள் எழுதறதை வாசிக்கணும்னா ஆத்துல அத்தனை பேரும் ரேழிக்குன்னா வந்தாகணும்!"

எனக்குப் பூமி பிளந்து விழுங்கினால் தேவலை என்றிருந்தது. ஆனால் அவர் சிரித்தார். அந்தச் சிரிப்பினால்தான் என் வேலை தப்பித்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வந்ததும் அறைத் தரையில் மணலைப் பரப்பி உட்கார்ந்தேன். எதிரே ஒரு தலையணையைக் குழந்தையாக வைத்துக்கொண்டு தலைகீழாக எழுதிப் பழகினேன். தலைகீழாக எழுதினால் மட்டும் போதாது. எங்கே தொடங்கி எப்படி வளைந்து எங்கே முடிகிறதோ அந்த வரிசையும் எதிரே இருப்பவள் கண்ணுக்குச் சரியாக இருக்க வேண்டும். ஏனென்றால் குழந்தைகள் எழுத்தைப் பார்ப்பதில்லை, கையைத்தான் பார்க்கிறார்கள். எழுதி முடித்த எழுத்து அவர்களுக்குச் செத்த பூச்சி மாதிரி. அது ஊர்ந்து போகும்போது பார்த்தால்தான் பிடிக்கும். இதை எனக்கு எந்தப் பள்ளிக்கூடமும் சொல்லித் தரவில்லை. வீட்டுக்காரம்மா ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு, நான் ஏதோ மந்திரவாதம் செய்கிறேன் என்று பக்கத்து வீட்டில் சொல்லிவிட்டாள். அதற்கப்புறம் கொஞ்ச நாள் அவள் என்னிடம் மிகவும் மரியாதையாக நடந்துகொண்டாள்.

மரியாதை இருந்தது. அதை ஏன் மறைக்க வேண்டும்? "டீச்சர் வாங்கோ, இருங்கோ" என்றுதான் எல்லா வீட்டிலும் சொல்வார்கள். காப்பி கொடுப்பார்கள், நான் கொண்டுபோன டம்ளரில் உயரத்திலிருந்து ஊற்றுவார்கள். விசேஷ நாளில் வாழைப்பழமும் பூவும் முந்தானையில் வந்து விழும். மேலிருந்து விழும் எதையும் சிந்தாமல் பிடிக்க நான் பழகிக்கொண்டேன். ஆனால் ஒரு விஷயம் எனக்கு வெகுநாள் கழித்துத்தான் புலப்பட்டது. காலையில் எழுந்தது முதல் திரும்பப் படுக்கும்வரை ஒரு மனித உடம்பும் என் மேல் படாமல் நாள் போய்க்கொண்டிருந்தது. அப்பா அம்மா போய்விட்டார்கள். தம்பி பொன்முடியில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் கணக்குப்பிள்ளை. கிறிஸ்மஸுக்கு இறங்கி வந்தால் உண்டு. எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. ஏன் ஆகவில்லை என்பது வேறு கதை, அது அவ்வளவு சுவாரசியமானதும் அல்ல. ஞாயிற்றுக்கிழமை கோயில் வாசலில் பாதிரியாரின் மனைவி, வெள்ளைக்காரி, எல்லோருக்கும் கை கொடுப்பாள். வாரம் முழுவதற்கும் எனக்கு அந்த ஒரு கைதான். அதற்காகவே சில ஞாயிறுகளில் காய்ச்சலோடு எழுந்து போயிருக்கிறேன். பிரசங்கத்தில் என்ன சொன்னார்கள் என்று கேட்டால் தெரியாது.

இப்படியிருக்கும்போதுதான் அந்தக் குழந்தை வந்தாள்.

ஏழு வயசு. பள்ளிக்கூடத்தில் போட்டு, இவளுக்கு எழுத்து ஏறவில்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். அங்கே மலையாளம். போகட்டும், வீட்டில் பேசுகிற தமிழையாவது நாலு எழுத்து எழுதப் படிக்கக் கற்றுக்கொள்ளட்டும் என்று அவள் அப்பா என்னைக் கூப்பிட்டார். ஹஜூர் கச்சேரியில், சர்க்கார் தலைமை அலுவலகத்தில், உத்தியோகம், சிடுசிடுப்பானவர், ஆனால் கெட்டவர் அல்ல. வீட்டில் குழந்தையின் அம்மாவும், அப்பாவுக்கு அத்தை முறையான ஒரு விதவை அம்மாளும் இருந்தார்கள். மடி ஆசாரமெல்லாம் அத்தையின் கையில்.

குழந்தை வாயாடி. ஒரு கதையைச் சொன்னால் மறுநாள் அதை எனக்கே திருப்பிச் சொல்வாள், நான் விட்டதையும் சேர்த்து. ஒரு தரம் கேட்ட சுலோகம் அவளுக்கு மறக்காது. ஆனால் விரலை மணலில் வைத்தால் எல்லாம் போய்விடும். 'அ' என்று தொடங்குவாள். சுழி எங்கேயோ ஓடும். கை பாதி வழியில் நின்றுவிடும். நானும் என் சாமர்த்தியம் அத்தனையும் காட்டினேன். தலைகீழாக மெதுவாக எழுதினேன், வேகமாக எழுதினேன். புளியங்கொட்டையை எழுத்துப்போல் அடுக்கச் சொன்னேன். அடுக்கினாள்; விரலால் எழுதச் சொன்னால் வராது. கோலம்கூட இவளுக்கு இழை ஓடாது என்று அவள் அம்மா சொன்னாள்.

ஒரு ஈர்க்குச்சியை நீட்டி அவள் மணலில் நானே எழுதிக் காட்டலாமே என்று தோன்றியது. இதைக் கேட்டதும் வீட்டில் ஒரு பெரிய ஆலோசனை நடந்தது. குச்சி வழியாகத் தீட்டுப் போகுமா? அத்தை சமையலறை வாசலில் நின்று யோசித்துத் தீர்ப்புச் சொன்னாள்.

"டீச்சர் குச்சியோட ஒரு நுனியைப் பிடிச்சிண்டிருக்கும்போது கொழந்தை மத்த நுனியைத் தொடப்படாது. மணல்லே பட்டா தோஷமில்லே. கேட்டியோடீ?"

குச்சியால் எழுதிக் காட்டினேன். அதுவும் பலிக்கவில்லை. அவள் கண் குச்சியின் கூடவே வந்தது, கை வரவில்லை.

இந்த மாதிரி குழந்தைகள் உண்டு. ஆயிரம் தரம் காட்டினாலும் கண் வழியாக அவர்களுக்கு எழுத்து இறங்காது. கையைப் பிடித்துக் கூடவே எழுதினால்தான் கைக்குப் புரியும். கைக்குப் புரிந்த பிறகுதான் கண்ணுக்குப் புரியும். வேறு யாராவது அவள் கையைப் பிடிக்கலாமே என்று கேட்பீர்கள். நானும் கேட்டேன். அம்மாவுக்கு எழுத்தே தெரியாது. அத்தைக்கும் தெரியாது. அப்பாவுக்குத் தெரியும், அவர் இரண்டு நாள் உட்கார்ந்தார். மூன்றாவது எழுத்தில் அவருக்குப் பொறுமை போய்விட்டது, மண்டையில் ஒரு குட்டு வைத்தார். அதற்கப்புறம் அவர் தொட்டாலே குழந்தையின் விரல்கள் மடங்கி உள்ளங்கைக்குள் போய்விடும். பிரிக்க முடியாது.

"சரஸ்வதி பூஜைக்குள்ளே இவள் தன் பேரையாவது எழுதணும் டீச்சர்," என்றார் அவர் ஒருநாள், குழந்தையை வைத்துக்கொண்டே. "இல்லேன்னா மதி. அடுக்களைலே இருக்கட்டும். மந்தமாப் பொறந்ததை நாம என்ன பண்ண முடியும், சொல்லுங்கோ."

மதி என்றால் அந்த ஊரில் போதும் என்று அர்த்தம். குழந்தை மணலைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அவர் உள்ளே போனதும் என்னைப் பார்த்துக் கேட்டாள்.

"டீச்சர், நான் மந்தமா?"

"நீயா? உன் வாய்க்கு நீ மந்தமா மக்ளே? கையிதான் கொஞ்சம் உறங்குது. எழுப்பினாப் போச்சு."

எங்கள் ஊர்ப் பேச்சு எனக்கு அவளிடம் மட்டும் வந்துவிடும். 'மக்ளே' என்று சொன்னால் சிரிப்பாள். அன்று சிரிக்கவில்லை.

"எப்படி எழுப்பறது?" என்று கேட்டாள்.

எப்படி என்று எனக்குத் தெரியும். நிலைப்படிக்கு இந்தப் பக்கமிருந்து கையை நீட்டினால் எட்டும் தூரம்தான். நீட்டினால் அவள் மறுபடி குளிக்க வேண்டும். சாயங்காலம், விளக்கு வைத்த பிறகு, கிணற்றடியில், மழைக்காலத்தில். அவளுக்கோ நெஞ்சில் எப்போதும் கபம். ஒருநாள் நீட்டிவிட்டால் அடுத்த நாள் எனக்கு அந்த வீட்டில் பாய் இருக்காது. என் கை மடியிலேயே கிடந்தது.

மறுநாள் வாசலில் அவள் அம்மா தனியாக நின்றபோது சொல்லிவிட்டேன். "அம்மா, அந்தக் கையை நான் பிடித்தால் இவளை எழுத வைத்துவிடுவேன். பிடிக்காமல் என்னால் முடியாது. இதைச் சொல்லாமல் தினமும் வந்துபோவது சரியில்லை."

இருபத்தைந்து வயசுகூட இருக்காது அவளுக்கு. சத்தமாகப் பேசி நான் கேட்டதே இல்லை. என்னைப் பார்த்துவிட்டுத் தூணைப் பார்த்தாள், உள்ளே போய்விட்டாள். வேலை போயிற்று என்று நினைத்துக்கொண்டே நடந்தேன். வேலை போவதைவிட அந்தக் கை எழுதாமல் போய்விடுமே என்பதுதான் உறுத்தியது. ஓர் எழுத்து வராத குழந்தை எத்தனை வயசானாலும் தன்னை மந்தம் என்றே நினைத்துக்கொண்டிருக்கும், நான் பார்த்திருக்கிறேன்.

அடுத்த நாள் பாடம் முடிந்ததும் அந்த அம்மாள் நிலைப்படிக்கு அப்பால் வந்து நின்றாள்.

"நாளைலேருந்து காலம்பற வாங்கோ டீச்சர். விடிஞ்ச ஒடனே வந்தா சௌகரியம்."

எனக்கு எரிச்சலாக வந்தது. காலையில் எனக்கு வேறு வீடு இருக்கிறது. அதை மாற்றச் சொல்லி அங்கே கெஞ்ச வேண்டும். விடிந்தவுடன் கோட்டைக்குள் இருக்க வேண்டுமென்றால் இருட்டில் எழுந்து சோறு வடிக்க வேண்டும். இவர்களுக்கு என்ன சௌகரியமோ என்று பல்லைக் கடித்துக்கொண்டு சரி என்றேன்.

போனேன். பெரிய கோயிலிலிருந்து ஆட்கள் திரும்பிக்கொண்டிருந்த வேளை. குழந்தை ரேழியிலேயே உட்கார்ந்திருந்தாள். நிலைப்படிக்கு இந்தப் பக்கம், என் பாய்க்குப் பக்கத்தில். முந்தின நாள் பாவாடை, கலைந்த பின்னல், கண்ணில் பீளை. கொல்லைப் பக்கத்திலிருந்து புகை வந்தது; தவலையில் வெந்நீர் காய்ந்துகொண்டிருந்தது. அவள் அம்மா குளித்து, ஈரத் தலையை முடிந்துகொண்டு, சமையலறை வாசலில் நின்றாள்.

"இவள் இன்னும் குளிக்கல்லை டீச்சர்," என்றாள்.

அவ்வளவுதான் சொன்னாள். அத்தை கோயிலுக்குப் போயிருந்தாள்.

எனக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆயிற்று. குளிக்காத குழந்தையை நான் தொடுவதால் புதிதாக ஒரு கேடும் வந்துவிடாது. பாடம் முடிந்ததும் எப்படியும் குளிக்கத்தான் போகிறாள். ஆசாரத்தில் ஓர் இழைகூட அறாமல், நடுவில் எனக்கு ஓர் இடம் செய்து கொடுத்திருந்தாள் அந்தப் பெண். இன்னொன்றும் அப்போதுதான் உறைத்தது. சமையலுக்காகக் குளித்து மடியாக, தீட்டுப் படாமல் இருந்த அவள் அந்த நேரத்தில் தன் குழந்தையைத் தொட முடியாது. பெற்றவள் தொடக்கூடாத அந்த ஒரு மணி நேரம் எனக்குக் கிடைத்தது.

குழந்தையை என் மடிக்கு முன்னால், நான் பார்க்கும் திசையையே பார்க்கும்படி உட்கார வைத்தேன். கையைப் பிடித்தேன். சின்னக் கை, தூக்கத்தின் சூடு இன்னும் போகவில்லை. எழுதத் தொடங்காமல் அதை அப்படியே பொத்தி வைத்துக்கொண்டேன். அவள் திரும்பிப் பார்த்தாள். குளிர் என்று சொன்னேன். திருவனந்தபுரத்தில் என்ன குளிர்!

'அ' எழுதத் தொடங்கினோம். எழுதி முடித்துப் பார்த்தால் தலைகீழாக இருந்தது. இத்தனை காலம் பழகிய கை அதன் வழியிலேயே போயிருந்தது. குழந்தைக்குச் சிரிப்பு அடக்க முடியவில்லை.

"டீச்சருக்கே வரல்லை!" என்று கத்தினாள். சமையலறைக்குள்ளிருந்து அவள் அம்மா சிரிப்பதும் கேட்டது. நானும் சிரித்தேன். அந்த வீட்டில் நான் சிரித்தது அதுதான் முதல் தடவை என்று நினைக்கிறேன்.

அதன் பிறகு தினமும் காலையில் நாங்கள் இரண்டு பேரும் ஒரு கையாக எழுதினோம். முதலில் அவள் கையில் ஒரு பலமும் இருக்காது. முழுக்க நான்தான் இழுத்துப் போக வேண்டும். பிறகு திருப்பங்களில் மட்டும் எதிர்ப்பாள். எதிர்க்கத் தொடங்கினால் நல்லது. கை விழித்துவிட்டது என்று அர்த்தம். பிறகு எனக்கு முன்னாலேயே திரும்ப ஆரம்பித்தாள். நான் என் பிடியைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்தினேன். சொல்லிக் கொடுப்பதில் கஷ்டமான பாகம் பிடிப்பது அல்ல, விடுவது. சீக்கிரம் விட்டால் குழந்தை பயந்துவிடும். விடாமலே இருந்தால் காலத்துக்கும் நம் கையோடுதான் எழுதும். எத்தனை நாள் ஆயிற்று என்று நினைவில்லை. ஒரு காலையில் 'ம' எழுதும்போது என் விரல்கள் அவள் புறங்கை மேல் சும்மா இருந்தன. எழுதியவள் அவள். அவளுக்கு அது தெரியாது. நான் சொல்லவில்லை. அன்று மட்டுமல்ல, அதற்கடுத்த சில நாட்களும் சொல்லவில்லை. கையை எடுக்க எனக்கு மனம் வரவில்லை.

ஒருநாள் அத்தை கோயிலிலிருந்து நேரத்தோடு திரும்பிவிட்டாள். வாசற்படியில் நின்று எங்களைப் பார்த்தாள். குழந்தை என்மேல் சாய்ந்துகொண்டு எழுதிக்கொண்டிருந்தாள்.

"குளிச்சாச்சோ இவள்?" என்றாள் அத்தை, என்னைத் தாண்டி உள்ளே பார்த்து.

"இனிமேத்தான் அத்தை," என்றது சமையலறை.

"பின்னே என்ன," என்று சொல்லிவிட்டு, பக்கத்துச் சந்து வழியாகச் சுற்றிக்கொண்டு கொல்லைப்புறமாகப் போய்விட்டாள். அத்தையை நான் அதுவரை மனசுக்குள் திட்டிக்கொண்டிருந்தேன். அன்று நிறுத்திக்கொண்டேன், கொஞ்ச நாளைக்கு.

சரஸ்வதி பூஜை முடிந்து விஜயதசமி வந்தது. நான் அங்கே இல்லை, இருக்கவும் முடியாது. மறுநாள் போனபோது அப்பாவே ரேழியோரம் வந்து நின்றார். தாம்பாளத்தில் அரிசியைப் பரப்பி எழுதச் சொன்னாராம். குழந்தை தன் பெயரை எழுதி, அப்பா பெயரை எழுதி, அம்மா பெயரையும் எழுதினாளாம். மூன்றாவதை யாரும் கேட்கவே இல்லையாம்.

"மந்தம்னு நெனச்சிருந்தேன் டீச்சர். பேஷ், பேஷ்!" அவர் முகத்தில் நிஜமான சந்தோஷம் இருந்தது. "இப்படியே போனா வைகாசிலே மறுபடியும் பள்ளிக்கூடத்துலே சேர்த்துடலாம். எழுத வரல்லேங்கற பேச்சே இனிமே இருக்கப்படாது, அதான் வேண்டியது. இனி நீங்க காலம்பற செரமப்பட வேண்டாம். இவள் குளிச்சு சுலோகம் சொல்லட்டும். பழையபடி சாயந்தரமே வாங்கோ."

சந்தோஷமாகத்தான் தலையாட்டினேன். கோட்டை வாசலைத் தாண்டியதும் அழுகை வந்துவிட்டது. பழவங்காடியில் கூட்டத்தோடு கூட்டமாக அழுதுகொண்டே நடந்தேன். அங்கே பக்தியில் அழுகிறவர்கள் உண்டு; யாரும் என்னைக் கவனிக்கவில்லை. குழந்தை எழுதிவிட்டாள். அதற்குத்தானே போனேன்? ஆனால் என் கைக்கு இனி அந்த வீட்டில் வேலை இல்லை. இரண்டும் ஒரே செய்திதான்.

சாயங்காலப் பாடம் தொடங்கியது. அவள் குளித்து, பின்னிப் பூ வைத்து, நெற்றியில் குங்குமத்தோடு நிலைப்படிக்கு அந்தப் பக்கம். நான் பாயில், இந்தப் பக்கம். நான் எழுத, அவள் பார்த்து எழுதினாள். நன்றாகவே எழுதினாள். பேச்சு மட்டும் குறைந்துவிட்டது. காலையில் என்மேல் சாய்ந்துகொண்டு ஊர்க்கதையெல்லாம் சொன்னவள் இப்போது எதிரே நிமிர்ந்து உட்கார்ந்து, கேட்டதற்குப் பதில் சொன்னாள். நானும் 'மக்ளே' என்று கூப்பிடுவது எப்படியோ நின்றுபோயிற்று.

ஒருநாள் 'ஞ' எழுதச் சொன்னேன். சிக்கலான எழுத்துத்தான், ஆனால் முந்தின நாள் வரிசையாக எழுதி, நானே அழகு என்று சொல்லியிருந்தேன். அவள் விரலை மணலில் வைத்தாள். எடுத்தாள்.

"இது வரல்லை டீச்சர்."

எழுதிக் காட்டினேன்.

"வரல்லை."

மறுபடியும் காட்டினேன். அவள் என் மணலைப் பார்க்கவே இல்லை. என் முகத்தைப் பார்த்தாள். பிறகு வலது கையை, விரல்களைத் தளர்த்தி, நிலைப்படிக்கு மேலே மெதுவாக நீட்டினாள். தூங்கி எழுந்த கைபோல, ஒரு பலமும் இல்லாமல். அவள் கையை நான் அறிவேன். அது முழித்துக்கொண்டுதான் இருந்தது.

கூடத்தில் ஊஞ்சலில் உட்கார்ந்து பத்திரிகை படித்துக்கொண்டிருந்த அவள் அப்பா ஊஞ்சலைக் காலால் நிறுத்தினார்.

"என்ன வரல்லைங்கறாள்?" என்றார்.

சமையலறை வாசலுக்கு அவள் அம்மா வந்து நின்றாள். மறுபடி குளிப்பாட்ட வெந்நீர் இல்லாத வேளை. இன்னும் ஒரு தரம் 'வரல்லை' என்றால் வைகாசி இல்லை, பள்ளிக்கூடம் இல்லை. மறுபடியும் அந்தப் பழைய பெயர்தான். அதெல்லாம் குழந்தைக்குத் தெரியாது. அவளுக்குத் தெரிந்ததெல்லாம், எழுத்து வராதபோது நான் கையைப் பிடித்தேன் என்பது மட்டும்தான். கை என் முழங்காலுக்கு ஒரு சாண் தூரத்தில் இருந்தது.

"உனக்கு வரும்," என்றேன். குரலை வேண்டுமென்றே கடுமையாக்கினேன். "நேற்று எழுதினாய். கையை எடு. எழுது."

அவள் நம்பாமல் பார்த்தாள். நான் முகத்தை மாற்றவில்லை. கையை இழுத்துக்கொண்டாள். குனிந்து, ஒரு தடங்கலும் இல்லாமல், 'ஞ' எழுதினாள். அதுவரை எழுதியதிலேயே அதுதான் நன்றாக இருந்தது. அப்பா எட்டிப் பார்த்து "ம்" என்று ஊஞ்சலை மறுபடி ஆட்டிவிட்டார். அம்மா உள்ளே போய்விட்டாள். குழந்தை விரலில் ஒட்டிய மணலைப் பாவாடையில் துடைத்தாள். இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, அடுத்து என்ன எழுத்து என்று கேட்டாள்.

வைகாசியில் அவள் பள்ளிக்கூடம் போகும்வரை நான் அந்த வீட்டுக்குப் போய்வந்துகொண்டிருந்தேன். வரல்லை என்று அவள் அப்புறம் ஒருநாளும் என்னிடம் சொல்லவில்லை.